தண்ணீர்ப் பதம் பிடிபட்டால் பாஸ்தாவும் களியும் ஒன்றுதான்

எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஐந்து பேர், ஐந்து நாக்கு. அத்தை பென்னாகரம் பக்கத்துக்காரர், வாரத்தில் இரண்டு முறையாவது களி கிண்டியாக வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பல்லும் ஆடுகிறது. மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் சூளகிரியைத் தாண்டும்போதே, "அம்மா, இன்னைக்கு பாஸ்தா பண்றியா?" என்று போன் வந்துவிடும். மகனுக்கு இனிப்பு இல்லாமல் சாப்பாடு முடியாது. வீட்டுக்காரருக்குச் சித்திரை வெயிலில் சோறு இறங்காது, பச்சைக் காய்கறியாகக் கேட்பார்.

இத்தனையும் ஒரே அடுப்பில் வருஷக்கணக்கில் செய்துவந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. சாலட், பாஸ்தா, சிறுதானியம், இனிப்பு என்றால் நான்கும் வெவ்வேறு ஊர்ச் சமையலாகத்தான் முதலில் தெரியும். கை பழகிய பிறகு பார்த்தால் நான்கிலும் வேலை ஒன்றுதான்: தண்ணீரை எங்கே விடுவது, எங்கே வடிப்பது, எங்கே பிழிவது, எதை ஊற்றாமல் எடுத்துவைப்பது. சீஸ், ஆலிவ் எண்ணெய், மசாலா எல்லாம் அதற்கு அப்புறம். தண்ணீர்க் கணக்கு சரியாக இருந்தால் செக்குக் கடலை எண்ணெயும் இராயக்கோட்டைத் தக்காளியும் போதும், வீட்டில் எல்லாரும் மனசாரச் சாப்பிடுவார்கள்.

முதலில் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினத் தண்ணீர், ஃபுளோரைடும் அதிகம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீரும் வருகிறது. பாத்திரம் கழுவப் போர் தண்ணீர், சமையலுக்கு ஒகேனக்கல் தண்ணீர். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகத்தான் ஆகும். அதனால் களி, பாஸ்தா, சாமை என்று தண்ணீரைக் குடித்து வேகிற எதற்கும் குடிக்கிற தண்ணீரைத்தான் வைக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிவது மொச்சையிலும் கொண்டைக்கடலையிலும். போர் தண்ணீரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் தோல் ரப்பராகவே நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தோலில் உள்ள பெக்டினை இறுக்கிவிடுவதுதான் காரணம். வேறு தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரவு ஊறவைக்கும்போதே லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பைப் போட்டு ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றி வேகவையுங்கள். உப்பில் இருக்கும் சோடியம் உள்ளே போய் தோலை இளக்கிவிடும். அப்புறம், தக்காளியோ புளியோ எலுமிச்சையோ பயறு வெந்து முடிந்த பிறகுதான். புளிப்பு முன்னால் விழுந்தால் அதோடு வேகிறது நின்றுவிடும்.

சாலட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக்கு இது புதுச் சாப்பாடு கிடையாது. ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கோசம்பரி வைக்கிற வீடுகள் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிறைய. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா செய்கிற கோசம்பரியைப் பார்த்துத்தான் எந்த சாலட்டுக்குமான அடிப்படை எனக்குப் புரிந்தது. பயத்தம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைப்பார். நகத்தால் அழுத்தினால் மாவாகாமல் இரண்டாக உடைகிற பதத்தில் வடிகட்டியில் கொட்டி, சொட்டுச் சத்தம் நிற்கும் வரை தொடமாட்டார். வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் விதைப் பகுதியை வழித்துவிட்டுத்தான் பொடியாக நறுக்குவார். தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், கொத்தமல்லி, கடுகு பெருங்காயத் தாளிப்பு எல்லாம் சேர்த்துக் கலந்து வைத்துவிடுவார். உப்பு மட்டும் வெளியே நிற்கும். "உப்ப பரிமாறும்போது போடு கண்ணு. முன்னாடியே போட்டா வெள்ளரிக்கா அழுதுடும்" என்பார்.

உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுக்கும். அதை எப்போது இழுக்க விடுவது என்பதுதான் சாலட்டின் முழு சூட்சுமம். கோசம்பரியில் காய் நறுக்கென்று இருக்க வேண்டும், அதனால் உப்பு கடைசியில். தக்காளி சாலட்டில் நேர்மாறு. தக்காளியைப் பெரிய துண்டாக நறுக்கி, உப்பு தூவி, கால் மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். கீழே கிண்ணத்தில் இறங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, தட்டிய பூண்டு ஒரு பல், மிளகு சேர்த்து நன்றாக அடித்தால் அதுவே மேலே ஊற்றுகிற குழம்பு. இத்தாலியில் டஸ்கனி பகுதியில் காய்ந்துபோன ரொட்டியை இந்தச் சாற்றில் ஊறவைத்துப் பன்சனெல்லா என்று ஒரு சாலட் செய்வார்கள். நேற்று வாங்கி மீந்த பிரெட்டைத் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாகச் சுட்டு, பிய்த்துப் போட்டு, பத்து நிமிஷம் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். வெயில் நாளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். இதற்குச் சதைப்பற்றான ஹைபிரிட் தக்காளிதான் சரி. நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் கூடுதல், அதை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கீரையோ லெட்யூஸோ சேர்க்கிற சாலட்டில் தண்ணீர் பரம எதிரி. இலை ஈரமாக இருந்தால் எண்ணெய் அதில் ஒட்டாது, எல்லாம் வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் போய்ச் சேரும். கழுவிய இலையைப் பருத்தித் துண்டில் போட்டு, நான்கு மூலையையும் பிடித்து, பால்கனியில் நின்று இரண்டு சுற்றுச் சுழற்றினால் ஈரம் துண்டுக்கு வந்துவிடும்.

மாமாவுக்குப் பச்சையாக எதையும் மெல்ல முடியாது. அவருக்கு வெதுவெதுப்பான சாலட். கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி, தளி பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து சந்தைக்கு வருகிற குடைமிளகாய், இவற்றை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும் முன்பே எலுமிச்சையும் எண்ணெயும் கலந்துவிடுவேன். சூடாக இருக்கும்போது காய் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே நிற்கும். தண்ணீரில் போட்டு வேகவைத்த காயில் இந்த ருசி வராது, ஏற்கெனவே வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கும்.

மாங்காய்க் காலத்தில் மட்டும் வேறு சாலட் எதுவும் எங்கள் வீட்டில் எடுபடாது. கிளிமூக்கு மாங்காயை, பெங்களூரா என்றும் சொல்வோமே, பாதி பழுத்த பருவத்தில் தோலோடு மெல்லிய குச்சியாக நறுக்கி, வறுத்த வேர்க்கடலை, வெங்காயம், மிளகாய்த்தூள், துளி வெல்லம். பஸ் ஸ்டாண்டில் உப்பு மிளகாய்த்தூள் தடவித் தருவதன் வீட்டு வடிவம்தான் இது.

இப்போது பாஸ்தா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் இதை நூடுல்ஸ் என்று நினைத்துக் குழைத்துவிடுகிறோம்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். நாம் உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் வாங்குகிற சம்பா கோதுமைக்கு இந்த டூரம் நெருங்கிய சொந்தம். புரதம் அதிகம், அதனால் வெந்தாலும் வடிவம் கலையாது. மைதா கலந்த பாஸ்தா என்ன செய்தாலும் கொழகொழவென்றுதான் வரும், அதில் நம் கை ஒன்றும் செய்ய முடியாது.

இத்தாலியர்களின் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தூள் உப்பில் அது ஒன்றரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஐந்து பேருக்கு 400 கிராம் என்றால் நாலு லிட்டர் கொதிக்கவைக்க வேண்டும். கேஸும் நேரமும் பார்த்தால் நமக்குக் கட்டுப்படி ஆகாது. நான் இரண்டரை லிட்டர்தான் வைக்கிறேன். முதல் இரண்டு நிமிஷம் விடாமல் கிளறினால் ஒட்டாது, அதற்கப்புறம் தானாக வேகும். தண்ணீர் குறைவாக இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, வடிக்கிற கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். அந்தக் கஞ்சிதான் பாஸ்தாவின் உயிர்.

முதல் முறை பாஸ்தா வடிக்கும் முன்னால் ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியை நான் எடுத்துவைத்தபோது அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "களிக்கு எடுத்து வைக்கிறாப்பலயே வைக்கிற. இதுவும் நம்ம வேலைதான் போல" என்றார். ஆமாம், அதேதான். பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவுச்சத்து அந்தத் தண்ணீரில் இருக்கிறது. எண்ணெயும் தக்காளிச் சாறும் பிரிந்து நிற்காமல் ஒன்றாகச் சேர்ந்து, பாஸ்தாவின் மேல் வழுவழுவென்று ஒட்டுவதற்கு அதுதான் காரணம். ஹோட்டல் பாஸ்தாவில் பார்க்கிற அந்தப் பளபளப்புக்கு க்ரீம் தேவையில்லை.

தக்காளி சாஸுக்கு இந்த மண்ணைவிட நல்ல இடம் எது? பாலக்கோடு, இராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை சரிந்து, பறிக்கிற கூலிகூட வராது என்று விவசாயிகள் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிற நாட்களைப் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதையும் பார்த்தோம். விலை விழுந்திருக்கிற வாரத்தில் ஒரு கிரேட் வாங்கி சாஸாக வற்றவைத்து ஃப்ரீசரில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வாங்குகிறவருக்கும் நல்லது, விற்கிறவருக்கு அந்த நாளில் ஒரு கிரேட்டாவது போகும்.

செய்முறை சுலபம். 400 கிராம் பாஸ்தாவுக்கு நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ. பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தேங்காய் துருவுவதைவிடப் பெரிய துளை உள்ள துருவியில் தேயுங்கள். சதை எல்லாம் கீழே இறங்கி, தோல் மட்டும் கையில் நிற்கும். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கிற வேலையே வேண்டாம். அகலமான வாணலியில் நான்கு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய், அடுப்பை மூட்டும் முன்பே நசுக்கிய பூண்டு எட்டு பல். எண்ணெய் மெதுவாகச் சூடேறும்போது பூண்டின் வாசம் எண்ணெய்க்கு மாறும், காய்ந்த எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். பூண்டு லேசாகப் பொன்னிறம் காட்டியதும் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, தக்காளியை ஊற்றி, மூடாமல் இருபது, இருபத்தைந்து நிமிஷம். மூடினால் ஆவி திரும்ப உள்ளேயே விழும். நாம் தொக்குக்கு விடுகிற பதத்துக்கு ஒரு படி முன்னால், ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம். தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை வைத்திருப்பவர்கள் நாலைந்து இலையைக் கிள்ளி இறக்கும்போது போடலாம். இத்தாலியர்கள் போடும் பேசில் அதே இனம்தான், நம்முடையதற்குக் காரம் கூடுதல், அதனால் கை அடக்கம் தேவை.

பாக்கெட்டில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிஷத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அப்போது வடித்து, கொதிக்கிற சாஸில் கொட்டி, எடுத்துவைத்த கஞ்சியில் ஒரு கரண்டி ஊற்றி, தீயைக் கூட்டி இரண்டு நிமிஷம் புரட்டுங்கள். மீதி வேக்காடு சாஸிலேயே நடக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே ருசி ஏறும். கெட்டியாகிவிட்டதாகத் தோன்றினால் இன்னும் அரைக் கரண்டி. வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசுவது, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிவைப்பது, இரண்டும் வேண்டாம். அலசினால் மாவுச்சத்து போய்விடும், எண்ணெய் தடவினால் சாஸ் வழுக்கிவிடும். கஞ்சியில் உப்பு இருக்கிறது, அதனால் சாஸுக்கு உப்பு கடைசியில் ருசி பார்த்துத்தான். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் கொதிநீரில் பாதி உப்புப் போட்டால் போதும்.

சீஸ் வாங்க முடியாத தெற்கு இத்தாலி ஏழை வீடுகளில் ரொட்டித் தூளை எண்ணெயில் வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவியிருக்கிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன். பிரெட் தூள், பூண்டு, மிளகு, கொஞ்சம் கொரகொரப்பான வேர்க்கடலைப் பொடி. இந்த மொறுமொறுப்பு வந்த பிறகு மகளே சீஸ் கேட்பதில்லை.

மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சை வரும்போது எங்கள் வீட்டில் பாஸ்தா வேறு வடிவம் எடுக்கும். மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம்பருப்பு. இந்தப் பக்கத்துக் குழம்பு அது. ராத்திரி எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பிதுக்கிவிடுவார்கள், தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. அந்தப் பருப்பை வெங்காயம், பூண்டு, செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு, ஒரு தக்காளியோடு நிறையத் தண்ணீர் விட்டு வேகவைப்பேன். பருப்பு நல்ல பச்சை, பிதுக்கியதால் தோலும் இல்லை, அதனால் இதில் மட்டும் தக்காளி முன்னால் விழுந்தாலும் பரவாயில்லை. பாதியைக் கரண்டியால் மசித்துவிட்டு, அதே கொதியில் சின்ன எல்போ மக்ரோனியைப் போட்டுவிடுவேன். வடிப்பதே கிடையாது, பாஸ்தா பருப்புத் தண்ணீரைக் குடித்தே வேகும். கடைசியில் பச்சைக் கடலை எண்ணெய் ஒரு சுற்று. இத்தாலியில் பாஸ்தா எ ஃபாஜோலி என்று பீன்ஸோடு இப்படித்தான் செய்வார்கள். மாமா ஸ்பூன் போட்டுச் சாப்பிடுகிற ஒரே பாஸ்தா இதுதான். குளிர் காலத்தில், காய்ச்சல் வந்து வாய் கசந்திருக்கும்போது, இதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

களியை எழுதாமல் தர்மபுரிக்காரி சமையல் எழுத முடியாது. அத்தையின் ஊரில் ரேஷன் கடையிலேயே இப்போது கேழ்வரகு வருகிறது. 2023 மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு 2 கிலோ கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்த தானியமும் பக்கத்தில் வராது. ஆனால் கேழ்வரகு என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்று நம்பிவிடக் கூடாது. மாவாக அரைத்துக் குழைய வேகவைத்த எதுவும் வேகமாகத்தான் செரிக்கும். மாமாவுக்குச் சின்ன உருண்டை ஒன்று, கீரைக் கடைசல் ஒரு கிண்ணம் நிறைய. அளவு அங்கேதான் இருக்கிறது.

அத்தையின் கணக்கு: கால் டம்ளர் நொய், ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, தண்ணீர் இரண்டே முக்காலிலிருந்து மூன்று டம்ளர். முதலில் நொய் அந்தத் தண்ணீரில் உப்போடு நன்றாகக் குழைய வேண்டும். குழைந்ததும் மேலே நிற்கும் கஞ்சியில் ஒரு கிண்ணம் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். அப்புறம் மாவை நடுவில் மலையாகக் கொட்டி, கிளறாமல், கட்டையால் நடுவில் ஒரு குழி குத்தி, மூடி, சிறு தீயில் ஏழெட்டு நிமிஷம். குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவை நனைக்கும். கேழ்வரகில் பசைப் புரதம் இல்லை, கொதிநீரில் மாவுச்சத்து வெந்து பிடித்தால்தான் உருண்டை நிற்கும். அவசரப்பட்டு உடனே கிண்டினால் கட்டி கட்டியாகப் பச்சை மாவு உள்ளே மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் பாத்திரத்தைக் காலுக்கிடையில் அழுத்திப் பிடித்து, கட்டையை ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுவார். இறுகினால் எடுத்துவைத்த கஞ்சி ஒரு கை. பச்சைத் தண்ணீரை ஊற்றவே மாட்டார். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

மீந்த களியை மறுநாள் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிப்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றும் செய்யலாம். சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிடுங்கள். வட இத்தாலியில் மக்காச்சோள மாவில் கிண்டுகிற பொலேன்டாவை இப்படித்தான் மறுநாள் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். மேலே அந்தத் தக்காளி சாஸ் இரண்டு கரண்டி. மகன் பள்ளிக்கு டப்பாவில் கேட்டு வாங்கிப் போகிறான்.

சாமைக்கு இவ்வளவு பாடு இல்லை. அரூர், சித்தேரி மலைப் பக்கத்துச் சாமை சந்தையில் கிடைத்தால் கல் அரித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்துவிடுங்கள். சாதமாக வேண்டுமானால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். சாலட்டுக்கு என்றால் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால், தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து மூடியைத் திறக்காமல் பத்து நிமிஷம். பிறகு தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டால் உதிரியாக நிற்கும். லெபனான் பக்கத்தில் கோதுமை ரவையும் பார்ஸ்லியும் போட்டுச் செய்கிற தபூலேயை நான் சாமையும் புதினா, கொத்தமல்லியும் வைத்துச் செய்கிறேன். இலைதான் அதிகம் இருக்க வேண்டும், தானியம் கொஞ்சம். ஒரு விஷயம், உமி நீக்கிய சாமையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாள்பட்டால் காறல் அடிக்கும். கிலோ கணக்கில் வாங்கி அடுக்காமல் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

இனிப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டே இரண்டுதான் நிலைத்திருக்கிறது. ஒன்று கேழ்வரகுப் பால் அல்வா. ஒரு டம்ளர் கேழ்வரகை இரவே ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியலாம். அந்தப் பாலை அப்படியே அடுப்பில் வைத்துவிடாமல் மூன்று நாலு மணி நேரம் அசையாமல் விடுங்கள். மாவுச்சத்து அடியில் படிந்து, மேலே மங்கலான தண்ணீர் நிற்கும். பாத்திரத்தை மெல்லச் சாய்த்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பச்சை வாடையும் அதோடு போய்விடும். படிந்ததில் அளந்து இரண்டு டம்ளர் தேங்காய்ப் பால் விட்டுக் கரைத்து, முக்கால் டம்ளர் வெல்லப் பாகை வடிகட்டி ஊற்றி, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் நெய் மூன்று ஸ்பூன், கடைசியில் ஏலக்காய். ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது தட்டில் ஊற்றிவிடலாம். தண்ணீரை இறுத்துவிட்டு மறுபடி அளந்து ஊற்றுவதால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே பதம் வரும்.

இன்னொன்று மாம்பழத் தயிர். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது பெங்களூராதான், ஆனால் இந்த இனிப்புக்கு அல்போன்சாவோ செந்தூராவோ வேண்டும். புளிக்காத கெட்டித் தயிர் அரை லிட்டரைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் வடிகட்டி மேல் இரவு முழுக்க வையுங்கள். மாம்பழக் கூழ் அரை கப்பை ஐந்து நிமிஷம் சுண்டவைத்து ஆறவிடுங்கள். பச்சைக் கூழில் உள்ள தண்ணீர் தயிரை இளக்கிவிடும், நேரம் போனால் பால் பொருளோடு சேர்ந்து கசக்கவும் செய்யும். கட்டித் தயிர் ஒரு கப், கண்டென்ஸ்டு மில்க் முக்கால் கப், கூழ், மூன்றையும் நுரை வராமல் கலந்து சின்னக் கிண்ணங்களில் ஊற்றி இட்லிப் பானையில் வையுங்கள். மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து மேற்பரப்பெல்லாம் குழி. சிறு தீயில் இருபது நிமிஷம். அசைத்துப் பார்த்தால் ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆட வேண்டும், ஆறும்போது அதுவும் இறுகிவிடும். நாலு மணி நேரம் குளிரவைத்துக் கொடுங்கள். வங்காளத்தில் மாம்பழம் இல்லாமல் தயிரை மட்டும் இப்படி ஆவியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள், அதுவும் நன்றாக இருக்கும். மாமாவுக்கு இது கிடையாது, அவருக்குக் கட்டித் தயிரில் நாலு துண்டு மாம்பழம், அவ்வளவுதான்.

தயிரிலிருந்து இறங்கிய அந்த மஞ்சள் தண்ணீர் கால் லிட்டர் வரைகூட வரும். நான் சப்பாத்தி மாவு அதில்தான் பிசைவது, மறுநாள் வரை மெதுவாக இருக்கும். சாலட் சாமையை அதில் பாதி, தண்ணீர் பாதி என்று வேகவைத்தால் எலுமிச்சை குறைவாகவே போதும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் புளிப்பு முற்றிவிடும்.